பனகல் பூங்கா: ஏரி இருந்த இடம்

சென்னை தியாகராய நகரின் நடுவில் இருக்கும் பனகல் பூங்காவின் கதை ஓர் ஏரியிலிருந்து தொடங்குகிறது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை, மவுண்ட் ரோடுக்கு மேற்கே, பிறை வடிவில் நீண்டு கிடந்த நீர்ப்பரப்பு அது. ஆங்கிலேயர் அதை 'லாங் டேங்க்' என்று அழைத்தார்கள்; அதில் படகுப் போட்டிகளும் நடத்தினார்கள். நுங்கம்பாக்கத்தில் ஏரிப்பகுதி, ஏரிக்கரைச் சாலை என்று இன்றும் வழங்கும் பெயர்கள் அதன் மிச்சம்.

நகரில் ஜனம் பெருகி, வீட்டுமனைக்குத் தட்டுப்பாடு வந்தது. 1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. அதைத் தொடர்ந்து ஏரியை வற்றடித்து, 1923-25 அளவில் மாம்பலத்தில் தியாகராய நகர் என்ற புதிய குடியிருப்பு அமைக்கப்பட்டது. நடுவில் ஒரு பூங்கா, அதைச் சுற்றிப் பிரிந்து செல்லும் அகலமான சாலைகள் என்பதே திட்டம். பூங்காவை மிச்சம் விழுந்த மூலையில் ஒதுக்காமல் ஊரின் மையத்தில் வைத்தது அந்தத் திட்டத்தின் பெரும் சிறப்பு.

அப்போது சென்னை மாகாணத்தை ஆண்டது நீதிக்கட்சி. ஆகவே இந்தப் பகுதியின் பெயர்ப்பலகைகளே அக்கட்சியின் வரலாற்றைச் சொல்லும். நகருக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயர் 1925-ல் மறைந்தவர். உஸ்மான் சாலை, ஜி.என். செட்டி சாலை, டாக்டர் நடேசன் பெயரிலான பூங்கா, சௌந்தரபாண்டியனார் பெயர் மருவி வந்த பாண்டி பஜார் எல்லாம் அந்த வரிசைதான். பூங்காவுக்குப் பெயரளித்த பனகல் அரசர் ராமராயநிங்கார் 1921 முதல் 1926 வரை முதலமைச்சராக இருந்தார். 1921-ல் வகுப்புவாரி அரசாணை வந்ததும், பின்னர் இந்து அறநிலையச் சட்டம் உருவானதும் அவர் ஆட்சியில். இத்தனை செய்தவரின் பெயர் இன்று பலருக்கு ஒரு பேருந்து நிறுத்தமாக மட்டுமே தெரிவது வருத்தத்துக்குரியது.

1928-ல் நல்லி பட்டுக்கடை தொடங்கியது. பிறகு பூங்காவைச் சுற்றிப் பட்டுக்கடைகளும் நகைக்கடைகளும் பெருகின. அமைதியான குடியிருப்பு மாநிலத்தின் பெரிய கடைவீதியாயிற்று. மேற்கே அசோக் நகரும் கே.கே. நகரும் எழுந்தபின், அங்கிருந்து துரைசாமி சுரங்கப்பாதை வழியாகத் துணியெடுக்க வருவோருக்கும் இந்தப் பூங்காவே அடையாளம் ஆனது.

ஏரி போனாலும் தண்ணீர் தன் பழைய இடத்தை மறக்கவில்லை. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர்ச் சாலைகளில் வெள்ளம் நின்றது. வடிகாலான மாம்பலம் கால்வாய் குறுகிப் போனதும் அதற்கு ஒரு காரணம்.

கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் மெட்ரோ தடத்தின் சுரங்க நிலையம் ஒன்று இங்கே அமைகிறது. அதற்காகப் பூங்கா நிலத்திலும் வேலை நடந்தது, மரங்களும் இழக்கப்பட்டன. பணி முடிந்ததும் அந்த மண் கடையாகவோ வண்டி நிறுத்துமிடமாகவோ மாறாமல், மரங்களோடு மக்களிடம் திரும்பி வரவேண்டும்.