சோறு கல்விச் செலவா?

1925 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை மாநகராட்சி தன் பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த சிற்றுண்டியை நிறுத்தியது. தொடக்கக் கல்விக்கென்று ஒதுக்கிய நிதியைச் சாப்பாட்டுக்குச் செலவிட ஆங்கில அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சிற்றுண்டிக்கு அப்போது ஐந்து வயதுகூட ஆகவில்லை. 1920 செப்டம்பர் 16-இல் பிட்டி தியாகராயர் தலைமையில் கூடிய மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி தரலாம் என்று தீர்மானித்தது. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. 1922-23-இல் அந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்ந்து 811 பேர் படித்தார்கள். 1924-25-இல் 1,671 பேர். இரண்டே ஆண்டில் பள்ளிகள் இரு மடங்காக நிறைந்ததைப் பார்த்த பிறகும் கோப்பில் எழுந்த கேள்வி ஒன்றுதான்: சோறு கல்விச் செலவா? அன்று அரசு 'இல்லை' என்றது. இரண்டு ஆண்டு கழித்து மாநகராட்சி மறுபடி தொடங்கிவிட்டது என்றாலும், அந்தக் கேள்விக்கான விடை நூறாண்டாகத் தவணை முறையில்தான் எழுதப்பட்டு வருகிறது. அதன் கடைசித் தவணைகளில் ஒன்று திருவள்ளூர் மாவட்டத்தில் எழுதப்பட்டது.

தேர்வுக் காலம் வந்தால் ஊரெங்கும் இன்னொரு கேள்வி கிளம்பும்: எதைத் தின்றால் படிப்பு மண்டையில் ஏறும்? வல்லாரை லேகியம், பாதாம், வால்நட், மீன் எண்ணெய் மாத்திரை, பாலில் கலக்கும் சத்துமாவு என்று கடைகள் பதில் வைத்திருக்கின்றன. இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றே என்பது என் வாதம். படிக்கிற மூளைக்கு வேண்டியது தனிச்சிறப்பான ஒரு பண்டம் அன்று. படிக்க உட்காருகிற நேரத்தில் வயிறு காலியாக இருக்கக் கூடாது. தினசரிச் சாப்பாட்டில் இரும்பும் அயோடினும் புரதமும் விட்டுப்போகக் கூடாது. தமிழ்நாட்டுப் பள்ளிச் சாப்பாட்டின் வரலாறு, எந்தப் பண்டம் என்ற தேடலைவிட எந்த நேரம் என்ற தேடலாகவே நடந்திருக்கிறது. அந்த நேரம் நண்பகலிலிருந்து காலைக்கு ஏன் நகர வேண்டியிருந்தது என்பதைத் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி போன்ற ஆலைப் பகுதிகளை வைத்துத்தான் தெளிவாகச் சொல்ல முடியும்.

முதலில் உடலின் கணக்கைப் பார்த்துவிடுவோம். வளர்ந்தவர் உடல் எடையில் மூளை ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. குழந்தையிடம் இந்தப் பங்கு இன்னும் பெரிது. ஐந்து வயதை ஒட்டி, ஒரு நாளில் உடல் செலவிடும் மொத்த ஆற்றலில் 40 விழுக்காட்டுக்கும் மேல் மூளைக்கே போகிறது என்று 2014-இல் கிறிஸ்டோபர் குசாவா குழுவினர் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஈரலில் சேமித்து வைத்த சர்க்கரையோ பிள்ளைகளுக்குக் குறைவு. முன்னிரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட குழந்தை மறுநாள் பகல் பன்னிரண்டரை மணி வரை அடுத்த வேளைக்குக் காத்திருந்தால் அது பதினாறு மணி நேரத்துக்கு மேற்பட்ட பட்டினி. வாய்ப்பாடு சொல்லித் தருவதும் எழுத்துக்கூட்டிப் படிக்க வைப்பதும் அந்தப் பட்டினியின் கடைசி மூன்று மணி நேரத்தில்தான். இந்த இடைவெளியை எந்த லேகியமும் அடைக்காது. நல்ல சோதனைகளில் சிறப்புணவுகள் எப்படித் தேறின என்றும் பார்க்க வேண்டும். மீன் எண்ணெயில் உள்ள டி.எச்.ஏ. கொழுப்பை இங்கிலாந்தில் ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பதினாறு வாரம் கொடுத்துப் பார்த்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு, வாசிப்பில் மிகப் பின்தங்கியவர்களுக்கு முன்னேற்றம் உண்டு என்று 2012-இல் சொன்னது. அதே குழுவினர் அதே முறையில் மீண்டும் செய்து 2018-இல் வெளியிட்டபோது அந்தப் பலன் கிட்டவில்லை. வல்லாரை நல்ல கீரை. துவையலாகத் தின்பதில் நன்மையே உண்டு. ஆனால் பள்ளிப் பிள்ளையின் நினைவாற்றலை அது கூட்டும் என்று சொல்லப் போதிய அளவில் சோதனைகள் நடக்கவில்லை.

சத்து என்று எடுத்துக்கொண்டால் சான்று வலுவாக இருப்பது மிகச் சாதாரணமான இரண்டுக்குத்தான்: அயோடின், இரும்பு. அல்பேனியாவில் அயோடின் குறைந்த பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அயோடின் கொடுத்த ஆய்வில், ஆறே மாதத்தில் அவர்கள் சிந்தனைத் தேர்வுகளில் மற்றவர்களை முந்தினார்கள். 2006-இல் வெளியான முடிவு அது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அயோடின் குறையாது என்று நினைப்பவர்கள் உண்டு. காட்டுப்பள்ளி, அத்திப்பட்டு என்று திருவள்ளூர் மாவட்டக் கரையோரம் நெடுங்காலம் உப்பு விளைந்த மண்தான். இன்று பல இடங்களில் அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் நிற்கின்றன. ஆனால் வெயிலில் காய்ச்சிய கடலுப்பில் அயோடின் மிகக் குறைவு. சேர்த்தால்தான் உண்டு. இரும்பும் அயோடினும் சேர்த்த உப்பைத் தமிழ்நாடு உப்புக் கழகம் தயாரிக்க, அது சத்துணவுக் கூடங்களின் சமையலுக்குப் போனது என்பது இந்த வரலாற்றில் பேசப்படாத, ஆனால் மெச்சத்தக்க ஒரு செய்தி. இரும்பின் நிலைமை இன்னும் கவலை தருவது. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். இரும்பு குறைந்த பிள்ளை சோர்ந்து போகிறது, கவனம் சிதறுகிறது. வகுப்பில் அதற்கு மந்தம் என்று பெயர் விழுகிறது. ஆலைப் பகுதிகளில் காலைப் பலகாரம் என்று பிள்ளைக்குக் கிடைப்பது பல வீடுகளில் டீயும் பன்னும். டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் உணவிலிருந்து இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். ஒரு எலுமிச்சைத் துண்டோ நெல்லிக்காயோ கொய்யாவோ அதற்கு நேர்மாறாக வேலை செய்யும். பாதாமைவிட மலிவான அறிவு இது.

இந்த மாவட்டத்து மக்கள் முன்பு காலையில் என்ன சாப்பிட்டார்கள்? ஏரிப் பாசன ஊர்களில் முந்தின நாள் சோறும் நீராகாரமும், மேட்டு நிலத்தில் கேழ்வரகுக் கூழும். பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலை ஒட்டிய ஊர்களில் ஆடி மாதத்தில் வார்க்கும் கூழ் அந்த அன்றாட உணவின் நினைவுதான். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசி அதன் பக்கத்தில்கூட வராது. கிழக்கே பழவேற்காடு, நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. மடவையும் இறாலும் நண்டும் கரையோர வீடுகளுக்குப் புரதம் தந்தன. இதையெல்லாம் சொல்லி, பழைய உணவுக்குத் திரும்பினால் போதும் என்று முடிப்பவர்களோடு நான் உடன்படவில்லை. கூழும் எல்லோருக்கும் வயிறாரக் கிடைக்கவில்லை. நிலமற்ற கூலிக் குடும்பங்களில் ஆண்டின் பல மாதங்கள் ஒருவேளை உலையே நிச்சயமில்லாதது. அந்தப் பசியை மறைத்துவிட்டுப் பாரம்பரிய உணவைப் புகழ்வது வரலாறு ஆகாது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: வயலுக்குப் போகும் வீட்டில், உலையோ பழையதோ இருந்த நாளில், பெரியவர்கள் புறப்படும் முன் பிள்ளையும் சேர்ந்தே குடித்தது. வேலையின் நேரமும் வீட்டின் நேரமும் அதிகம் விலகவில்லை.

அந்த நேரத்தை மாற்றியது தொழிற்பேட்டை. 1971-இல் உருவான சிப்காட் நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் வளாகம் அமைத்த பிறகு, சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலையும் கூடூர் ரயில் பாதையும் போகும் இந்த வழியில் இரும்பு உருட்டாலைகளும் வாகன உதிரிபாகத் தொழிற்கூடங்களும் வரிசையாக வந்தன. பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து தொழிலாளர்கள் வந்து குடியேறினார்கள். ஷிப்ட் முறையில் ஓடும் ஆலைக்குக் காலை ஆறு மணி என்றால் ஆறு மணிதான். தாயும் தகப்பனும் கம்பெனி பஸ்ஸைப் பிடித்துப் போனபின் எட்டு வயதுப் பிள்ளை தானே எழுந்து தானே கிளம்புகிறது. வீட்டில் அரிசி இருக்கிறது. ரேஷன் கடை அதைப் பார்த்துக்கொள்கிறது. சமைத்துப் போடக் கை இல்லை. 1950-களின் பசிக்குக் காரணம் தானியம் இல்லாமை. இன்றைய காலைப் பசிக்குக் காரணம் நேரம் இல்லாமை. இரண்டையும் ஒரே மருந்தால் தீர்க்க முடியாது.

பழைய பசிக்கான மருந்து நண்பகல் சோறு. அதைத் தமிழ்நாடு படிப்படியாகவே கட்டியது. காமராசர் 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தபோது ஊராரின் நன்கொடையும் சேர்ந்தே உலை எரிந்தது; பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் அந்த ஆதரவைத் திரட்டினார். 1960-களில் கேர் அமைப்பின் வழியே வெளிநாட்டுப் பால்பொடியும் எண்ணெயும் வந்தன. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1984-இல் பதினைந்து வயது வரையிலான மாணவர்களுக்கும் அது விரிந்தது. வாக்குக்கான செலவு என்று எள்ளியவர்கள் அன்று நிறைய. 1989-இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகச் சேர்ந்த முட்டை, 2010-இல் வாரத்துக்கு ஐந்தானது. முட்டையின் வரவுதான் இந்த வரிசையில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அரிசியும் பருப்பும் வயிற்றை நிறைத்தன. முட்டையோ நல்ல புரதத்தையும் நரம்புக்கு வேண்டிய கோலினையும் பி12-ஐயும் ஏழைப் பிள்ளையின் தட்டுக்குக் கொண்டுவந்தது. மூளைக்கான உணவு என்று ஒரு பண்டத்தைக் கட்டாயம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். 2001-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர ஆணையிட்டபோது தமிழ்நாட்டில் அது ஏற்கெனவே வழக்கமாகியிருந்தது.

காலைப் பசிக்கான பதிலாகக் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கியது. முதல் கட்டம் 1,545 பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. பள்ளி தூரமாக இருப்பதாலும் குடும்பச் சூழலாலும் பிள்ளைகள் காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள் என்று அரசாணையே காரணம் சொன்னது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறிச் சாம்பார். பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, 15 கிராம் பருப்பு. வாரத்தில் இரண்டு நாளாவது அந்தந்தப் பகுதியில் கிடைக்கும் சிறுதானியம். காசு என்று பார்த்தால் தொடக்கத்தில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 12 ரூபாய் 75 காசு. 2024 ஜூலை 15, காமராசர் பிறந்த நாளில், திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில் இந்தத் திட்டம் ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவானது. மாநிலம் முழுவதும் 3,995 பள்ளிகளில் 2,23,536 பிள்ளைகள். அரசுப் பள்ளிக்கும் உதவிபெறும் பள்ளிக்கும் நடுவில் பசி கோடு போட்டு நிற்பதில்லை என்பதை ஒப்புக்கொள்ள இரண்டு ஆண்டு ஆனது.

சோறு பிள்ளையைப் பள்ளிக்கு வரவைக்கும், படிக்கவைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஜமைக்காவின் கிராமப் பள்ளிகளில் ஓராண்டு காலை உணவு கொடுத்துப் பார்த்தார்கள். 1998-இல் வெளியான அந்த முடிவில் வருகை கூடியது; சிறு வகுப்புப் பிள்ளைகள் கணக்கிலும் முன்னேறினார்கள். இந்தியாவில் தனிகா சக்ரவர்த்தியும் ராஜஸ்ரீ ஜெயராமனும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, ஐந்தாண்டு வரை மதிய உணவு சாப்பிட்ட பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண், ஓராண்டுக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட 18 விழுக்காடு அதிகம் என்று கண்டது. எதிர்ச் சான்றையும் மறைக்கக் கூடாது. கென்யாவில் வெர்மீர்ஷும் கிரேமரும் மழலையர் பள்ளிகளில் செய்த சோதனையில் உணவு வருகையைக் கூட்டியது. மதிப்பெண்ணோ அனுபவமுள்ள ஆசிரியர் இருந்த பள்ளிகளில் மட்டுமே கூடியது. ஆகவே உணவு ஆசிரியருக்கு மாற்று அல்ல. ஆசிரியர் சொல்வதைக் காதில் வாங்கும் நிலையில் பிள்ளையை உட்கார வைப்பதே அதன் வேலை. பிள்ளைக்குச் சோறு போடுவது பெற்றோர் கடமை, அரசு ஏன் அதைப் பறிக்க வேண்டும் என்றும் கேட்கிறார்கள். ஆலையின் முதல் ஷிப்டை நம்பி ஒரு மாநிலம் தன் பொருளாதாரத்தைக் கட்டுகிறது. அந்த ஷிப்ட் எடுத்துக்கொண்ட காலை நேரத்துக்கு ஈடு செய்வது எந்தக் கடமையையும் பறிப்பதாகாது.

திட்டத்தின் விளிம்புகளில்தான் எனக்குக் கவலை. திருவள்ளூரின் செங்கல் சூளைகளுக்கு மேற்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஜனவரியை ஒட்டி வந்து கோடை முடியும்போது திரும்புகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒடியா மொழிப் புத்தகங்களோடு சூளைக்கருகே வகுப்புகள் நடத்திப் பார்த்த நல்ல முயற்சி இந்த மாவட்டத்தில் உண்டு. ஆனால் பாதி ஆண்டு அங்கும் பாதி ஆண்டு இங்கும் வாழும் பிள்ளைக்குப் பதிவேட்டில் பெயர் நிலைப்பதே பெரும்பாடு. பெயர் இல்லாத இடத்தில் தட்டும் வருவதில்லை. இன்னொரு விளிம்பு வகுப்பில் இருக்கிறது. காலை உணவுக்குத் தொடக்கத்தில் வகுத்த எல்லை ஐந்தாம் வகுப்பு. சத்துணவுக்குப் பத்தாம் வகுப்பு. கும்மிடிப்பூண்டியில் ஐந்தாம் வகுப்பை முடித்து ஆறாம் வகுப்புக்குப் போகும் பெண்ணின் தாய்க்கு ஷிப்ட் நேரம் மாறுவதில்லை; பூப்பெய்தும் வயதில் அந்தப் பெண்ணுக்கு இரும்புத் தேவை கூடவும் செய்கிறது. பொதுத்தேர்வு எழுதும் ஆண்டுகளை அவள் நெருங்க நெருங்கப் பள்ளித் தட்டு சுருங்குகிறது. அந்த ஆண்டுகளைக் குறிவைத்துத்தான் நினைவாற்றல் மருந்துக் கடைகளும் விரிகின்றன. 2022-ஆம் ஆண்டு விலையில் 200 பள்ளி நாளுக்கு ஒரு பிள்ளையின் காலைச் சாப்பாடு 2,550 ரூபாய். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும், குறைந்தபட்சம் கும்மிடிப்பூண்டி போன்ற ஷிப்ட் ஊர்களிலாவது, அந்தத் தொகையைக் கல்விச் செலவுக் கணக்கில் எழுத வேண்டும்.