லண்டன் சாக்கடையும் எங்கள் தெரு லாரியும்

எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. இருபது நாளைக்கு ஒருமுறை கழிவுநீர் லாரி வரும். தடிமனான குழாயைத் தொட்டிக்குள் விட்டு அரைமணி நேரம் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். போன மாதம் அப்படி லாரி நின்றபோது மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றிருந்தோம். கீழ்வீட்டுப் பெரியவர் சொன்னார்: "என்ன நாகரிகம் தம்பி இது? எங்க காலத்துல இந்த நாத்தம் உண்டா? முன்னேற்றம் முன்னேற்றம்னு ஊரையே கெடுத்துட்டாங்க."

"உங்க காலத்துல அதை ஒருத்தர் தலையில சுமந்துட்டுப் போனாரே சார்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவரை மடக்கிவிட்ட திருப்தியோடு மாடி ஏறினேன். ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த லாரி அதை எங்கே கொண்டுபோகிறது? எட்டு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், ஒருநாளும் கேட்டதில்லை.

இதே கேள்வியைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போன ஒரு ஊரின் கதையைத்தான் சில மாதங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். லண்டன்.

1801-ல் லண்டனின் மக்கள்தொகை சுமார் பத்து லட்சம். ஐம்பதே ஆண்டுகளில் அது இருபத்துமூன்று லட்சத்தைத் தாண்டியது. அதுவரை பெரும்பாலான வீடுகளில் கழிவுக்குழிதான். ராத்திரியில் ஆட்கள் வந்து அள்ளி, வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே விவசாயிகளுக்கு எருவாக விற்பார்கள். லண்டனில் அது ஓரளவு கூலி கிடைத்த வேலை. நம் ஊரில் அது சாதி விதித்த வேலை. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு "அந்தக் காலம்" பற்றிப் பேசக்கூடாது. 1993-லும் 2013-லும் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் சாக்கடைக்குள் இறங்கிச் சாகிறவர்கள் இருக்கிறார்கள்.

லண்டனின் அந்தக் காலமும் அவ்வளவு மணக்கவில்லை. 1660 அக்டோபரில் சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்: நிலவறைக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரரின் குழி நிரம்பி இவர் வீட்டுக்குள் வழிந்திருக்கிறது.

பிறகு வந்தது தண்ணீர் ஊற்றித் தள்ளும் கழிப்பறை. 1851-ல் நடந்த பெரும் பொருட்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் பொதுக் கழிப்பறைகளை அமைத்தார். தலைக்கு ஒரு பென்னி கட்டணம். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தினார்கள். எல்லோருக்கும் வீட்டிலும் ஒன்று வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் வாளிக்கணக்கில் தண்ணீர் இறங்கினால் குழி தாங்குமா? லண்டனின் பழைய சாக்கடைகள் மழைநீருக்காகக் கட்டப்பட்டவை. 1815 வரை வீட்டுக் கழிவை அதில் விடவே தடை. அந்தத் தடையை எடுத்தார்கள். 1848-க்குப் பிறகோ, குழிகளை மூடிச் சாக்கடையோடு இணைத்தே ஆக வேண்டும் என்றாக்கினார்கள். ஆறே ஆண்டுகளில் சுமார் 30,000 குழிகள் ஒழிந்தன. எல்லாம் நேராகத் தேம்ஸ் நதிக்குப் போயின.

ஊரின் ஒரு பகுதி குடித்துக்கொண்டிருந்ததும் அதே தேம்ஸ் தண்ணியைத்தான்.

இதைச் செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. எட்வின் சாட்விக் போன்ற சுகாதாரச் சீர்திருத்தக்காரர்கள் ஏழைகள்மீது உண்மையான அக்கறை கொண்டவர்கள். நாற்றம்தான் நோய், நாற்றத்தை வீட்டைவிட்டு வெளியேற்றினால் நோயும் போய்விடும் என்று நம்பினார்கள். வீடு சுத்தமாச்சு, ஆறு கெட்டுப்போச்சு. 1848-49 காலராவில் லண்டனில் மட்டும் சுமார் 14,000 பேர் செத்தார்கள். 1853-54-ல் இன்னும் பத்தாயிரத்துக்கும் மேல். காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் ஆதாரத்தோடு சொன்னார். பெரும்பாலானவர்கள் ஏற்கவில்லை.

1855 ஜூலையில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே படகில் போகும்போது வெள்ளை அட்டைத் துண்டுகளைத் தேம்ஸில் போட்டுப் பார்த்தார். ஓர் அங்குலம் மூழ்குவதற்குள் அட்டை கண்ணுக்குத் தெரியவில்லை. அதைப் பத்திரிகைக்குக் கடிதமாகவே எழுதினார். கழிவைத் திருப்பிவிடும் திட்டமும் தயாராகத்தான் இருந்தது. செலவு, அதிகாரம், எந்த இடத்தில் கொண்டுபோய் விடுவது என்று பேசிப்பேசியே மூன்று வருடம் ஓடியது.

1858 ஜூனில் கடும் வெயில். ஆற்றங்கரையில் இருந்த பாராளுமன்றத்தில் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் உள்ளே உட்கார முடியவில்லை. நிதியமைச்சர் டிஸ்ரேலி காகிதங்களை ஒரு கையிலும் மூக்கில் கைக்குட்டையுமாகக் குழு அறையிலிருந்து வெளியேறினார். ஆகஸ்ட் 2-ஆம் தேதி சட்டம் நிறைவேறிவிட்டது. ஆயிரக்கணக்கான சாவு செய்யாததை உறுப்பினர்களின் மூக்கு செய்தது! அந்த ஜூன் மாதத்திலேதான் ஜான் ஸ்னோ இறந்துபோனார், 45 வயதில்.

பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட் 82 மைல் நீளத்துக்குப் பெரிய செங்கல் சாக்கடைகளைக் கட்டினார். சுமார் 31 கோடியே 80 லட்சம் செங்கல். ஆற்றுக்கு இணையாக ஓடி, ஊர்க் கழிவையெல்லாம் வழியிலேயே பிடித்துக் கிழக்கே கொண்டுபோகும் அமைப்பு. அவரும் நாற்றத்தை ஒழிக்கத்தான் கட்டினார், கிருமியைப் பற்றி யோசிக்கவில்லை. காரணம் தப்பு, காரியம் பலித்தது.

எல்லோருக்கும் ஒரே நாளில் பலிக்கவில்லை. 1866-ல் காலரா மறுபடி வந்தபோது, புதிய சாக்கடையோடு இணைந்திருந்த மற்ற பகுதிகள் பெரும்பாலும் தப்பின. கிழக்கு லண்டனில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். தொழிலாளிகள் வாழ்ந்த அந்தப் பக்கத்துப் பணிதான் முடியாமல் கிடந்தது. அங்கே குடிநீர் கொடுத்த நிறுவனம் மூடாத குளத்துத் தண்ணீரையும் கலந்து விட்டிருந்தது. சிலர் வீட்டுக் குழாயில் விலாங்கு மீன் வந்ததாகப் புகார் செய்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு லண்டனில் காலரா பெரிதாகப் பரவவில்லை, உண்மை.

ஆனால் கிழக்கே கொண்டுபோன கழிவு? பெக்டன், கிராஸ்னஸ் என்ற இரண்டு இடங்களில் சுத்திகரிக்காமல், ஓதம் இறங்கும் நேரம் பார்த்து ஆற்றிலேயே திறந்துவிட்டார்கள். பக்கத்திலிருந்த பார்க்கிங் ஊர்க்காரர்கள் புகார் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1878 செப்டம்பர் 3 மாலை, உல்லாசப் பயணம் முடிந்து குடும்பங்களோடு திரும்பிக்கொண்டிருந்த 'பிரின்சஸ் ஆலிஸ்' என்ற நீராவிப் படகு ஒரு நிலக்கரிக் கப்பலோடு மோதி உடைந்தது. மோதியது அந்தக் கழிவு திறந்துவிடும் இடத்துக்குப் பக்கத்தில். சற்று முன்புதான் திறந்துவிட்டிருந்தார்கள். அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீந்தத் தெரிந்தவர்களும் அந்தச் சேற்றுத் தண்ணீரில் மூச்சுத் திணறினார்கள் என்று அப்போது பேசப்பட்டது. பிறகுதான் விசாரணைக் குழு வந்தது. திடக்கழிவை மட்டும் பிரித்துக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்ட ஆரம்பித்தார்கள். 1887-ல் தொடங்கிய அந்தக் கப்பல்கள் 1998 வரை ஓடியிருக்கின்றன. அதாவது நான் உயிரோடு இருக்கும்போதுதான் நிறுத்தியிருக்கிறார்கள்!

முன்னேற்றம் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு இப்போது ஆர்வம் போய்விட்டது. வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்தவனைக் கேட்டால் நல்லது என்பான், பார்க்கிங்கில் இருந்தவனிடம் பதில் வேறு. குழாய் எங்கே முடிகிறதோ அங்கே நின்று கேட்க வேண்டிய கேள்வி அது.

போன வாரம் லாரி வந்தபோது இறங்கிப்போய் ஓட்டுநரிடம் கேட்டேன், "எங்கண்ணே கொண்டுபோய் விடுவீங்க?"

"பம்பிங் ஸ்டேஷன்ல சார். கூட்டமா இருந்தா லேட்டாகும்."

"லேட்டானா?"

அவர் குழாயைச் சுருட்டிக்கொண்டே சிரித்தார். "அடுத்த ட்ரிப் இருக்குல்ல சார்."

பக்கத்தில் நின்ற பெரியவரும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு லோடுக்கும் பம்பிங் ஸ்டேஷன் ரசீது காட்டினால்தான் பணம் என்று சொல்லிப் பார்க்கலாமா என்று எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் எழுதினேன். முதலில் வந்த பதில்: "மெயின்டனன்ஸ் எவ்வளவு கூடும்?" ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தானே எழுந்து பேசுவதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார்.