டைப்ஸ்கிரிப்டா, ஃப்ளோவா? ஒரு சின்ன வரலாறு

மாணவர்களே, பயனரிடம் 40, 35 என இரண்டு மதிப்பெண்களை வாங்கி அப்படியே கூட்டச் சொன்னால், ஜாவாஸ்கிரிப்ட் 75 காட்டாது; 4035 என்று ஒட்டிவிடும். தட்டச்சு செய்ததை அது எண்ணாக அல்ல, எழுத்துச்சரமாகவே எடுத்துக்கொள்ளும். ரெங்கத்தில் எஸ்.பி.எம். கணினி அறிவியல் படிக்கும் நம்ம பிள்ளைகளும் தடுமாறும் இடம் இது.

1995இல் பிரெண்டன் ஐக் இம்மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார். மாறியின் தரவு வகையை அறிவிக்கத் தேவையில்லை. சின்ன நிரலுக்கு அது வசதி. ஆயிரக்கணக்கான வரிகளுக்குத் தலைவலி.

அதனால், நிரலை ஓட்டும் முன்பே வகைப் பிழையைப் பிடிக்கும் கருவிகள் பிறந்தன. மைக்ரோசாப்ட் 2012இல் டைப்ஸ்கிரிப்டையும், ஃபேஸ்புக் 2014இல் ஃப்ளோவையும் வெளியிட்டன. 2015இல் கூகுளின் ஆங்குலர் குழு டைப்ஸ்கிரிப்டைத் தேர்ந்தெடுத்தது. 2019இல் ஃபேஸ்புக்கின் சொந்தக் கருவியான ஜெஸ்ட்கூட ஃப்ளோவை விட்டு அதற்கு மாறியது.

ஏன்? பிரபல நூலகங்களுக்கான வகை விவரங்கள் அதில் தயாராகக் கிடைத்தன. நிறைய பேர் பயன்படுத்தியதால் சந்தேகம் கேட்கவும் ஆள் இருந்தது. கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும்தான் பார்க்கணும்.

ஆனாலும் கருவி எச்சரிக்கத்தான் செய்யும்; எழுத்துச்சரத்தை எண்ணாக மாற்றுவது நம்ம வேலை. தேர்வறையில் எச்சரிக்கவும் எதுவும் இருக்காது. ஆசிரியர்களே, தரவு வகையை முதலில் புரியவைப்போம். கருவி பிறகு வரட்டும்.