உடைக்காமல் ஒரு கணக்கு

தீபாவளி அன்றைக்குக் கூந்தன்குளம் போனால் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும்... இன்னிக்கு நிஜமாவே தீபாவளிதானா? வெடிச் சத்தமே இருக்காது.

திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரிப் பக்கம் இருக்கிற ஊர். மணிமுத்தாறு அணைத் தண்ணீர் கால்வாய் வழியாகக் குளத்துக்கு வரும். பின்னாலேயே நாரைகளும் கூழைக்கடாக்களும் வரும். குளத்து மரம், வீட்டு மரம் என்று பாகுபாடு இல்லாமல் கூடு கட்டும். பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்பது நம்பிக்கை. 1994-ல் அரசாங்கம் சரணாலயம் என்று அறிவிப்பதற்கு முன்பிருந்தே காவல் காத்தவர்கள் ஊர்க்காரர்கள்தான்.

சரி, வெடியை நிறுத்தியாச்சு. ஆனால், எந்தச் சத்தமும் இல்லாமல், அடைகாக்க உட்காரும் தாயின் கனத்திலேயே முட்டை நொறுங்கினால்?

இங்கிலாந்தில் அப்படித்தான் நடந்தது. 1960 வாக்கில் அங்கே பந்தயப் புறா வளர்ப்பவர்கள் ஒரு புகார் கொடுத்தார்கள். 'வல்லூறுகள் பெருகிவிட்டன, எங்கள் புறாக்களைத் தின்று தீர்க்கின்றன.' விசாரிக்கப் போனவர் டெரக் ராட்கிளிஃப் என்ற விஞ்ஞானி. பார்த்தால், நிலைமை நேர் எதிர்! வல்லூறுகள் அழிந்துகொண்டிருந்தன. பல கூடுகளில் உடைந்த முட்டைகள்.

ஓடு மெலிந்துவிட்டதோ? சந்தேகம் சரி, நிரூபிப்பது எப்படி? முன்பு எவ்வளவு தடிமன் என்று தெரிந்தால்தானே இப்போது குறைந்ததா என்று சொல்ல முடியும். அந்தக் காலத்து முட்டைக்கு எங்கே போவது?

இருந்தது. வெள்ளைக்காரர்கள் பலருக்கு முட்டை சேகரிப்பது ஒரு பைத்தியம். சின்னத் துளை போட்டு உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, வெறும் ஓட்டை இடம், தேதியோடு பெட்டியில் பத்திரப்படுத்துவார்கள். ஆனால், தடிமன் பார்க்கிறேன் என்று அதை உடைக்க யார் விடுவார்கள்?

ராட்கிளிஃப் உடைக்கவே இல்லை. ஒரு தராசு, ஓர் அளவுகோல். ஓட்டின் எடையை, நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தார். அவ்வளவுதான்! ஒரே அளவுள்ள இரண்டு முட்டைகளில் எது எடை குறைவோ அதன் ஓடு மெல்லிசு. பி.காம். படித்த எனக்கே புரிகிற ரேஷியோ.

வருஷவாரியாக எழுதிப் பார்த்தார். பல காலமாகப் பெரிய மாற்றம் இல்லாத எண், 1947 முதல் சடாரென்று இறங்கியிருந்தது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு காலி. 1967-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். மறுவருஷம் அமெரிக்காவிலும் அதே கதை தெரியவந்தது, அதே 1947!

அந்தச் சமயத்தில் புதிதாக வந்தது என்ன? டி.டி.டி.

அதை வெறும் வில்லனாக்கவும் மனசு வரவில்லை. சுதந்திரம் வாங்கியபோது நம் நாட்டில் வருஷத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் சாவு. சுவரில் டி.டி.டி. அடித்து அடித்தே, 1960-களின் நடுவில் நோயாளிகள் எண்ணிக்கை ஒரு லட்சம் அளவுக்கு இறங்கியது. ஆனால், வயலில் தெளித்த மருந்து வயலோடு நிற்காது. வாய்க்கால், குளம், மீன், மீனைத் தின்னும் பறவை என்று ஒவ்வொரு படியிலும் சேர்ந்துகொண்டே போகும். பறவையின் உடம்பில் அது டி.டி.இ.யாக மாறி, ஓட்டுக்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராமல் தடுத்துவிடும்.

அமெரிக்கா 1972-ல் தடை செய்தது. இந்தியா விவசாயத்தில் நிறுத்தியது 1989-ல். அங்கெல்லாம் வல்லூறுகள் மெல்ல மீண்டு வந்தன.

நம் பறவைகளின் பழைய கணக்கு? காங்கிரஸ் பிறக்கக் காரணமாக இருந்தாரே ஏ.ஓ.ஹ்யூம், அவர் பெரிய பறவைப் பித்தர். இந்தியாவில் சேகரித்த ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார். அதுவும் காங்கிரஸ் பிறந்த அதே 1885-ல்!

இப்போது துளைகூட வேண்டாம். ஒலி அலையை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்தே கோழிமுட்டை ஓட்டின் தடிமனைச் சொல்லும் கருவி இருக்கிறது. ஆனால், ஓப்பனிங் பேலன்ஸ் தெரியாமல் லாபமா நஷ்டமா என்று எந்தக் கணக்குப்பிள்ளையாலும் சொல்ல முடியாது.

கூந்தன்குளத்து மரத்தடியில் பொரியாமல் விழுந்து கிடக்கும் முட்டைகளை வனத்துறையே வருஷாவருஷம் எடை போட்டு, தேதியோடு எழுதிவைக்கலாம். வெடிச் சத்தத்தை ஊர் பார்த்துக்கொள்கிறது. சத்தமில்லாமல் உடைவதைக் கவனிக்க ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும்.