ஜிங்கா (கப்போய்ரா)

ஜிங்கா என்பது பிரேசில் நாட்டின் கப்போய்ரா கலையில் அடிப்படையாக அமைந்த காலசைவு ஆகும். போர்த்துக்கேய மொழியில் இச்சொல்லுக்கு அசைந்தாடுதல் என்று பொருள். பெரும்பாலான போர்க்கலைகள் அசையாத நிற்கும் நிலை ஒன்றிலிருந்து தொடங்குகின்றன. கப்போய்ராவில் அத்தகைய நிலை இல்லை. ஆடுபவர் ஓயாது அசைந்துகொண்டே இருப்பார். கருவி ஏதுமின்றி, தன் உடல் எடையை மட்டுமே கொண்டு செய்யப்படுவதால் அண்மைக் காலத்தில் இது பொது உடற்பயிற்சியிலும் சேர்க்கப்படுகின்றது.

செய்முறை

கால்களைத் தோள் அகலத்தைவிடச் சற்று அகட்டி, முழங்கால்களை மடித்து நிற்க வேண்டும். பின்னர் வலது கால் பின்னே செல்லும். அதன் குதிகால் தரையில் படாது. விரல்களின் அடிப்பகுதி மட்டுமே ஊன்றும். உடல் எடையின் பெரும்பகுதி மடிந்த முன்காலில் இருக்கும். அதே வேளையில் வலது முன்கை முகத்துக்கு முன்னே காப்பாக வரும். அடுத்து வலது கால் பழைய இடத்துக்குத் திரும்ப, இடது கால் பின்னே செல்லும், கையும் மாறும். பாதங்கள் செல்லும் வழியைத் தரையில் வரைந்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும்.

எந்தக் கால் பின்னே செல்கிறதோ அந்தப் பக்கத்துக் கையே முன்னே வர வேண்டும் என்பதில் புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவர். உண்மையில் இது இயல்பான நடையில் கைகள் வீசப்படும் முறையே.

இசையும் ஆட்டமும்

கப்போய்ரா 'ரோடா' எனப்படும் வட்டத்தின் நடுவில் இருவரால் ஆடப்படுகின்றது. போர்த்துக்கேயத்தில் இதனைச் சண்டையிடுதல் என்பதைவிட விளையாடுதல் என்றே வழங்குவர். ஒற்றை நரம்பும் சுரைக்குடுவையும் கொண்ட வில் வடிவக் கருவியான பெரிம்பாவு, ஆட்டத்தின் வேகத்தை முடிவு செய்கின்றது. மெதுவான தாளம் எளிது என்று நினைப்பது தவறு. தரையை ஒட்டித் தாழ்ந்து மெதுவாக ஆடும்போது தொடைகளும் தோள்களும் நெடுநேரம் எடையைத் தாங்க வேண்டியிருக்கும்.

ஜிங்காவிலிருந்தே மற்ற அசைவுகள் பிறக்கின்றன. 'ஆவு' என்பது கைகளை ஊன்றிப் பக்கவாட்டில் சுழல்வது. 'நெகாச்சிவா' தரையோடு தாழ்ந்து உதையைத் தவிர்ப்பது. 'பனனெய்ரா' தலைகீழாகக் கைகளில் நிற்பது.

வரலாறு

கப்போய்ரா, ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிரேசிலுக்குக் கொண்டுவரப்பட்டோரிடையே உருவானது. அங்கு 1888 இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1890 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் தெருக்களில் கப்போய்ரா ஆடுவதைக் குற்றமாக்கி, 2 முதல் 6 மாதச் சிறைத்தண்டனை விதித்தது.

மெஸ்ட்ரே பிம்பா என அறியப்பட்ட மனுவேல் டோஸ் ரெய்ஸ் மச்சாடோ, 1932 இல் சல்வடோர் நகரில் பயிற்சிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். அது 1937 இல் அரசின் பதிவைப் பெற்றது. அதன் பெயரில் 'கப்போய்ரா' என்ற சொல் இல்லை. உடற்பண்பாடு, வட்டாரப் போர்க்கலை என்னும் சொற்களே இருந்தன. உடற்பயிற்சி என்ற பெயரில்தான் இக்கலை சட்டத்தின் கண்ணில் மதிப்புப் பெற்றது என்பது கவனிக்கத்தக்கது. பிம்பா புதிய மாணவரின் கைகளைப் பிடித்துக்கொண்டு தாமும் உடன் அசைந்து ஜிங்காவைக் கற்பித்தார். இருவர் சேர்ந்து செய்யும் 8 பயிற்சித் தொடர்களையும் வகுத்தார்.

மெஸ்ட்ரே பாஸ்டின்யா (1889–1981) பழைய முறையான அங்கோலா வகையைப் பேணினார். அவ்வகையில் ஜிங்காவுக்கு ஒரே அளவு கிடையாது. ஒவ்வொருவரும் தமக்குரிய அசைவைக் கண்டுகொள்வர். 1970களில் தமது கூடத்தை இழந்த அவர், பார்வையற்று வறுமையில் இறந்தார். பிம்பாவும் ஆதரவு தேடிக் கொயானியா நகருக்குக் குடிபெயர்ந்து, அங்கேயே 1974 இல் காலமானார். கப்போய்ரா வட்டத்தை யுனெஸ்கோ 2014 இல் மனித குலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபாக அறிவித்தது.

உடற்பயிற்சியில் பயன்பாடு

ஓட்டமும் தண்டாலும் பெரும்பாலும் ஒரே திசையில் நிகழ்பவை. ஜிங்காவோ பின்னும் பக்கவாட்டிலும் எடையை மாற்றச் செய்வதால் இடுப்பு, கணுக்கால் மூட்டுகளுக்கும் சமநிலைக்கும் பயிற்சி கிடைக்கின்றது. உடலைச் சூடேற்றும் பகுதியில் சில நிமிடங்கள் செய்வதும், குந்துதல் போன்ற கடும் பயிற்சிகளுக்கு இடையே ஓய்வாக மெதுவாகச் செய்வதும் பொருத்தமான வழிகள். எண்ணிக்கை வைத்துச் செய்வதைவிடத் தாளத்துக்கேற்ப அசைவதே இதன் இயல்புக்கு நெருக்கமானது.

தனியே கண்ணாடி முன் செய்யப்படும் ஜிங்கா பாதிப் பயிற்சியே. எதிரில் ஒருவர் இருக்கும்போதுதான் அவரது அசைவைக் கண்டு விலகவும், ஏமாற்றவும், நகைக்கவும் இடம் உண்டு. விளையாட்டு என்பது அங்குதான் இருக்கின்றது. தொடுதலின்றி, ஒரு கை தொலைவு விட்டு இருவர் ஆடுவது தொடக்கநிலையினருக்கு ஏற்றது.

முன்கால் முழங்கால் உள்நோக்கிச் சாயாமல் பாதவிரல்களின் திசையிலேயே இருக்க வேண்டும். கைகளை ஊன்றும் அசைவுகள் மணிக்கட்டைப் பெரிதும் வருத்துபவை. ஆகவே சில வாரங்கள் ஜிங்காவும் தாழ்ந்த குந்துநிலையும் பழகிய பின்னரே ஆவு முதலியவற்றுக்குச் செல்வது நல்லது. வழுக்கும் தரையில் இவற்றைச் செய்தல் கூடாது.