ஓடக்கோலும் காவிரி வெள்ளமும்

காரைக்காலைச் சார்ந்த கோவில்பத்து, தேவாரத்தில் திருத்தெளிச்சேரி எனப் போற்றப்பெறும் பதியாகும். 1739ஆம் ஆண்டில் காரைக்கால் பிரெஞ்சியர் வசமானமையால், இப்பகுதி ஆட்சி வகையில் சோழநாட்டின் பிற ஊர்களினின்றும் பிரிந்து நின்றது. ஆயினும் பழைய வழித்தடங்களை ஆராயுமிடத்து இதனைத் தனித்து நோக்குதல் பொருந்தாது. பாண்டிநாட்டினின்றும் மீண்ட ஞானசம்பந்தர் திருக்கொள்ளம்பூதூரில் ஓடமேறி ஆறு கடந்தார் என்றும், பின்னர்த் திருநள்ளாறு பணிந்து தெளிச்சேரி அடைந்தார் என்றும் பெரியபுராணம் கூறும். அவ்வோடப் பயணத்தை அற்புதமாகக் கொண்டு போற்றினார் பலர். அதனுள் பொதிந்துள்ள ஆற்றுப்போக்குவரத்து வரலாற்றையே நாம் ஈண்டு நோக்குகின்றோம்.

முள்ளியாற்றில் வெள்ளம் மிகுந்தமையால் ஓடம் செலுத்துவோர் அதனைக் கரையில் நிறுத்திவிட்டு அகன்றனர். சம்பந்தர் கட்டவிழ்த்துத் தொண்டர்களை ஏற்றித் தாமும் ஏறினார். தம் நாவினையே ஓடக்கோலாகக் கொண்டு பதிகம் பாட, ஓடம் அக்கரை சேர்ந்தது. இது சேக்கிழார் தரும் செய்தி. ஓடம் செல்லுமாறு உந்த வேண்டும் என்னும் வேண்டுகோள் சம்பந்தரின் பதிகத்திலேயே உள்ளது. நாவைக் கோலாக்கிய உருவகமோ சேக்கிழார் வாக்கு.

துடுப்பையோ பாயையோ கூறாது கோலைக் கூறியது ஏன்? இவ்வினாவிற்கு விடை அகநானூற்றின் ஆறாம் பாட்டில் கிடைக்கின்றது. பரத்தையொடு நேற்றுப் புனலாடி வந்த தலைவனைத் தலைவி இடித்துரைப்பதாக அமைந்தது அப்பாட்டு. தித்தனது உறந்தையை அடுத்த காவிரி வெள்ளத்தை, ஓடக்கழையும் நிலைகொள்ளாத ஆழமுடையதெனப் பரணர் சுட்டுகின்றார். அவ்வெள்ளத்தில் வேழத்தாலாகிய வெண்புணையைத் தழுவியே தலைவன் ஆடினான். வேழமாவது கொறுக்கை.

இவ்விரு சான்றுகளையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். காவிரியும் அதன் கிளைகளும் மணற்படுகையுடையன. நீர் அளவாக ஓடுங்கால் கோலைத் தரையில் ஊன்றி ஓடத்தைத் தள்ளுதல் எளிது. வெள்ளம் பெருகின் கோலுக்குத் தரை எட்டாது. எட்டினும் நீரின் விரைவு அதனை ஊன்றவிடாது. ஆகவே ஓடக்காரர் கரையிலேயே தங்கினர் என்பது அச்சத்தால் அன்று, தொழிலறிவால் என்க. வழிச்செல்வோரின் பயணம் நின்ற அவ்வேளையே செல்வர்க்குப் புணையொடு கூடிய புனல்விளையாட்டுக்கு உரியதாயிற்று.

சேக்கிழார் பரணரைப் பின்பற்றினார் என்று கூற நாம் முற்படவில்லை. சங்கப் புலவரும், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவரான (1133–1150) சேக்கிழாரும் ஒரே ஆற்றியல்பைத் தனித்தனியே அறிந்திருந்தனர் எனக் கொள்வதே அமையும். கழை பயன்படாத வெள்ளம் முன்னவர்க்கு ஊடலின் களனாயிற்று. பின்னவர்க்கு அருளின் களனாயிற்று. மனிதர் கைக்கோல் தோற்கும் இடத்தில்தான் நாவாகிய கோலுக்கு வேலை உண்டு. இவ்வுண்மையை உணர்ந்தாலன்றி அவ்வுருவகத்தின் ஆற்றல் முழுதும் விளங்காது.

அற்புதம் நிகழ்ந்ததா என்பது பத்தியின்பாற்பட்ட வினா. ஆயின் அற்புதத்தை எடுத்துரைக்கும் நூல், அன்றாடத் தொழிலையும் தன்னையறியாது பதிவு செய்கின்றது. கொள்ளம்பூதூரில் ஐப்பசியில் நிகழும் ஓடத் திருவிழா அந்நினைவை இன்றும் காத்து வருகின்றது. பக்தி நூல்களை வரலாற்றுக்குப் புறம்பானவை என ஒதுக்குவோர் இத்தகைய சான்றுகளை இழந்துவிடுவர்.