அழியாத ஏடா மரபணு?

தாத்தாவின் முகச்சாயல் பேரனிடம் தெரிந்தால், “அப்படியே உரித்து வைத்தாற்போல் இருக்கிறான்” என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். இந்தச் சாயலைத் தலைமுறை தாண்டிச் சுமந்து வருவது, உயிரணுவுக்குள் இருக்கும் டிஎன்ஏ என்னும் மரபணு இழை. அப்படியென்றால் அது கல்லில் செதுக்கிய எழுத்தைப் போல அழியாத ஒன்றா?

கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அறிவியலாளர்கள் பலரும் ஏறக்குறைய அப்படித்தான் நம்பினார்கள். 1927ஆம் ஆண்டில் ஹெர்மன் முல்லர், எக்ஸ்ரே கதிர்கள் பழ ஈக்களின் மரபுப் பண்புகளை மாற்றுவதைக் காட்டினார். கதிர் பட்டால் கெடும், சும்மா விட்டால் கெடாது என்பதே அன்றைய எண்ணம். 1953ல் வாட்சனும் கிரிக்கும் டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவத்தை வெளியிட்டபோதும், அதைப் பழுதுபார்க்கும் வேலை ஒன்று உண்டு என்பது அவர்கள் கருத்தில் படவில்லை. கிரிக்கே இதைப் பின்னாளில், 1974ல் எழுதினார்.

இத்தனைக்கும் தடயம் முன்பே கிடைத்திருந்தது. 1949ல் அமெரிக்காவின் ஆல்பர்ட் கெல்னர், புற ஊதாக் கதிரால் நுண்ணுயிர்களைத் தாக்கிப் பார்த்தார். சாக வேண்டியவற்றில் சில மீண்டும் பிழைத்தன. வெப்பநிலைதான் காரணமோ என்று முதலில் ஐயுற்றார். கடைசியில், சாதாரண வெளிச்சம் பட்டவையே பிழைக்கின்றன என்று தெரிந்தது. வெளிச்சத்தின் துணையோடு உயிரணு தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொண்டிருந்தது.

1964ல் இன்னொரு வழி தெரியவந்தது. புற ஊதாக் கதிர் பட்டால், டிஎன்ஏவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உயிரணு அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக எழுதி நிரப்புகிறது. இதற்கு வெளிச்சம் தேவையில்லை. கணக்குப் புத்தகத்திற்கு இரண்டு படிகள் வைத்திருப்பது போன்ற ஏற்பாடு இது. ஒன்று கெட்டால் மற்றது கைகொடுக்கும்.

இவையெல்லாம் நுண்ணுயிர்களின் கதை. மனிதருக்கு இதனால் என்ன?

அந்தக் கேள்விக்கு விடை தந்தவர்கள் வெயிலில் நடமாட முடியாத குழந்தைகள். ஸீரோடெர்மா பிக்மென்டோசம் என்பது அபூர்வமான பரம்பரை நோய். வியன்னாவில் மொரிட்ஸ் கப்போசி 1870களில் இதைப் பதிவு செய்தார். சிறிது வெயில் பட்டாலே தோலில் கரும்புள்ளிகள் தோன்றும். பத்து வயதுக்குள்ளேயே தோல் புற்றுநோய் வந்தவர்கள் பலர். பெற்றோர் நலமாகவே இருப்பார்கள். இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேரும்போதுதான் பிள்ளைக்கு நோய். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இதன் காரணம் விளங்கவில்லை.

சான் பிரான்சிஸ்கோவில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் கிளீவரின் கண்ணில் இந்நோயைப் பற்றிய நாளிதழ்ச் செய்தி ஒன்று பட்டது. நோயாளிகளின் தோல் உயிரணுக்களை வாங்கிச் சோதித்தார். புற ஊதாக் கதிர் செய்த பழுதை அவற்றால் சரிசெய்ய இயலவில்லை! 1968ல் அவர் இதை வெளியிட்டார். பழுதுபார்ப்பு நின்றுபோனால் புற்றுநோய் வரும் என்பதற்கு மனித உடலில் கிடைத்த முதல் சான்று அது.

வெயிலே படாவிட்டால்? அப்போதும் நிம்மதியில்லை. உயிரணுவில் இருக்கும் தண்ணீரே டிஎன்ஏவை அரிக்கிறது என்பதை சுவீடனின் தோமஸ் லிண்டால் காட்டினார். ஒவ்வோர் உயிரணுவிலும் நாள்தோறும் ஆயிரக்கணக்கான பழுதுகள் நேர்கின்றன. அப்படியும் மனிதர் வாழ்கிறார்கள் என்றால், உள்ளே யாரோ சரிசெய்தாக வேண்டும் அல்லவா? 1974ல் அத்தகைய நொதி ஒன்றை அவர் கண்டறிந்தார். டிஎன்ஏ நகலெடுக்கப்படும்போது நேரும் எழுத்துப் பிழைகள் திருத்தப்படும் விதத்தைப் பால் மோட்ரிச் விளக்கினார். கதிர் தாக்கிய துண்டு வெட்டப்படும் முறையைத் துருக்கியில் பிறந்த அசிஸ் சன்கார் விளக்கினார். மூவருக்கும் 2015ல் வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தது.

இந்த அறிவு இன்று மருந்தாகவும் மாறியிருக்கிறது. சில சினைப்பைப் புற்றுநோய்களிலும் மார்பகப் புற்றுநோய்களிலும் ஒரு பழுதுபார்ப்பு வழி ஏற்கெனவே அடைபட்டிருக்கும். மற்றொரு வழியையும் அடைத்துவிட்டால் அந்தப் புற்றணு தாங்காது. இந்த உத்தியில் உருவான ஒலாபரிப் என்னும் மருந்துக்கு, சினைப்பைப் புற்றுநோய்க்காக 2014ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒப்புதல் கிடைத்தது.

பழைய ஓலைச்சுவடிகள் இன்றுவரை வந்து சேர்ந்தது ஓலையின் உறுதியால் அல்ல. செல்லரிக்கும் முன் யாரோ படியெடுத்து வைத்ததால்தான். மரபணுவும் அப்படியே. அது கெடாத பொருள் அல்ல, ஓயாமல் சரிசெய்யப்படும் பொருள். அதை உலகுக்கு உணர்த்திய அந்தக் குழந்தைகளின் நோய்க்கு இன்னும் முழுமையான சிகிச்சை இல்லை. நோயைச் சீக்கிரம் கண்டறிந்து, பிறந்தது முதலே வெயில் படாமல் காப்பதுதான் அவர்களின் ஆயுளைக் கூட்டுகிறது. உள்ளே நடக்காத காவலை வெளியே நின்று செய்கிறார்கள் அவர்களின் பெற்றோர்.